என் தலைக்கு ஒன்றுமில்லை

அன்புள்ள மகனுக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, என் தலை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் ஏதோ ஷாம்பூ விற்கிறவள் என்று நினைத்தேன். மாதம் ஒருமுறை சாயம் பூசுகிறேன், மற்றப்படி நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னேன்.  மிகவும் சந்தோஷம், மிகவும் சந்தோஷம் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். உன்னைத் தேடித்தான் எடுத்திருக்கிறாள். நீ கொடுத்து வைத்திருந்த நம்பர் நம்முடையது. தான் படம் எடுப்பவள் என்றும், மேற்கே பெரிய மலையொன்றில் ஏறுகிறவர்களைப் பற்றி இந்தக் கோடையில் எடுக்கப் போவதாகவும், உன் படத்தைப் பார்த்துவிட்டு உன்னைக் கமராவோடு மேலே வரும்படி கேட்டதாகவும் சொன்னாள். நீ மறுத்துவிட்டாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "என்னால் ஏற முடியாது, அது என் அம்மாவின் தலையில் இருக்கிறது" என்றாயாம். பாவம், அவளும் அவளோடு வேலை செய்கிறவர்களும் என்ன செய்வார்கள்? எனக்கு மூளையில் கட்டி என்று முடிவுகட்டி, அதற்குமேல் ஒன்றும் கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்கள். நான் சீக்கிரம் சுகமாக வேண்டும் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட அட்டைகூட ஒன்று அவளுடைய மேசையில் இருக்கிறதாம்.

ரெலிபோனை வைத்துவிட்டுச் சிரித்தேன், நன்றாகத்தான் சிரித்தேன். அப்பா வேலையால் வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோதே சிரிப்பு நின்றுவிட்டது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டேன். என் தலையில் கைவைத்து நீ சத்தியம் பண்ணி மூன்று வருடமாகிறது. நீ அதை மறந்திருப்பாய் என்றோ, ஒருநாள் சத்தம்போடாமல் மீறுவாய் என்றோ நான் எனக்குள்ளே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ மறக்கவும் இல்லை, மீறவும் இல்லை. யாரும் தூக்கித் தராத வாய்ப்பை என் தலையைக் காரணம் காட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறாய், எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல். எனக்கு வெட்கமாக இருந்தது. நேரில் சொன்னால் நீ "பரவாயில்லை அம்மா" என்று சொல்லி எழும்பிப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசி.

உனக்கு மலைப்படப் பைத்தியம் பிடிக்க வைத்தது நான்தான், அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். அஜின்கோர்ட்டில் வீடியோக் கடையில் நான் நின்ற காலம் உனக்கு நினைவிருக்கும். பக்கத்தில் ஒரு ஆங்கில வீடியோக் கடை மூடியபோது அவர்களுடைய படக் கொப்பிகளைப் பெட்டி பெட்டியாக எங்கள் முதலாளி வாங்கிப் போட்டார். "அக்கா, உதுகள் ஓடுதோ எண்டு வீட்டை கொண்டுபோய்ப் பாருங்கோ" என்று ஒரு பெட்டியை என்னிடம் தந்தார். நம் ஆட்கள் எடுத்துப் பார்க்கிற படம் அதில் ஒன்றும் இல்லை. மலையேறுகிறவர்கள், பனியில் மாட்டிக்கொண்டவர்கள், ஆற்றில் தோணியோடு விழுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நீயும் நானும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அப்பா பிறம்ரனில் களஞ்சியமொன்றில் கிழமை முழுக்கப் பெட்டி ஏற்றி இறக்கிய களைப்பில் சோபாவில் குறட்டை விடுவார். பனிச்சரிவு வரும் கட்டத்தில் மட்டும் கண்ணைத் திறந்து "உவங்களுக்கு வேற வேலை இல்லையோ" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

ஓடுகிறதா என்று பார்க்கத் தொடங்கி, நல்லதா கெட்டதா என்று தரம் பிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டோம். என் தீர்ப்பை நீ அப்போதே ஒத்துக்கொண்டதில்லை, ஆனால் நான் சொன்னதுதான் சரி, இப்போதும் சொல்கிறேன். மலை உச்சியில் நின்று கையை விரித்து வசனம் பேசுகிறவனைக் கண்டால் எனக்கு நம்பிக்கை போய்விடும். மூச்சு வாங்குகிறவன் எப்படி வசனம் பேசுவான்? ஹெலிகொப்டரில் சுற்றிச் சுற்றி எடுத்த மலையும் எனக்குப் பிடிக்காது, அது நாட்காட்டிப் படம். வானம் இருட்டுவதைப் பார்த்து ஒருவன் மனம் மாறித் திரும்பி நடக்கிறானே, அங்கேதான் மலை தெரிகிறது. ஒரு பழைய படத்தில் இரண்டு பேர் கூடாரத்துக்குள் இருந்து பனியை உருக்கித் தேத்தண்ணி வைப்பார்கள், ஞாபகமா? வெகுநேரம் அதையே காட்டினார்கள். நீ அலுத்துப்போய் முன்னுக்கு ஓட்டிவிடப் பார்த்தாய், நான் விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கோப்பை வந்தது. கை விறைத்துப்போனவன் அதை மற்றவனிடம் கொடுத்தான், அவன் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "பாத்தியா, இனி இவங்கள் ஆர் விழுந்தாலும் எனக்கு நெஞ்சு பதறும்" என்று சொன்னேன். பிறகு அதில் ஒருவன் விழத்தான் செய்தான், நீ என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாய்.

இப்படியெல்லாம் அறிவாகப் பேசிய எனக்கு, என் பிள்ளை ஏறுகிறான் என்பது தெரியவில்லை. சனிக்கிழமைகளில் லைப்ரரிக்குப் போகிறேன் என்று நீ சொன்னதை நம்பினேன். மற்றப் பிள்ளைகள் மோலில் சுற்றித் திரிய என் மகன் புத்தகத்தோடு இருக்கிறான் என்று ஊரெல்லாம் பெருமையும் பேசினேன். கணுக்கால் உடைந்து வந்தபோது பிளாசா வாசலில் ஐஸில் வழுக்கிவிட்டேன் என்றாய். ஐஸ் கரைய உப்புப் போடாத அந்தக் கட்டடக்காரனை நான் திட்டாத திட்டில்லை. பிறகுதான் படம் காட்டிய அந்த மண்டபம். உன் சிநேகிதன் எடுத்த படம், நீயும் அதில் வருகிறாய், ஆச்சரியமாக இருக்கும், கட்டாயம் வாங்கோ என்று எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாய், வாயால் சொல்ல முடியாததைத் திரை சொல்லட்டும் என்று நினைத்தாயாக்கும். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தேன். மகன் படத்தில் நடிக்கிறான் என்று நினைத்தேன், என்ன செய்ய.

திரையில் மில்ற்றன் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை. அதில் பல்லியைப் போல் ஒட்டிக்கொண்டிருந்தவன் நீ. அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, ஏனென்றால் உன்னை முதுகுப் பக்கமிருந்து, கீழேயிருந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு கை நழுவியது. கயிறு உன்னைப் பிடித்தது, ஆனால் அதற்குள் கால் பாறையில் அடித்துவிட்டது. நீ விழுந்தது ஒரு நொடி, உன் சிநேகிதன் உன்னை மூன்று முறை விழுத்தினான், மெதுமெதுவாக, வயலின் வாசித்துக்கொண்டு. சனம் "ஆ" என்றது, பிறகு கைதட்டியது. விழும்போது வந்த சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு இசையைப் போட்டிருந்தார்கள். ஆனால் உன் வாய் பெரிதாகத் திரையில் தெரிந்தது. நீ "அம்மா" என்றாய். மூன்று முறையும் சொன்னாய். அந்த மண்டபத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நானும் அப்பாவும் மட்டும்தான், அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து, பூட்ஸ்கூடக் கழற்றாமல், குசினியில் நின்று, பொய்யன் என்று திட்டி உன்னைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, ஒண்டும் நடக்கேல்லைத்தானே. கயிறு பிடிச்சதுதானே. ஐ செக் எவ்ரிதிங்" என்றாய். "கயிறு பிடிச்சது, கால் உடைஞ்சது. அடுத்த முறை என்ன உடையும்?" என்று கேட்டேன். அப்பா வாசலில் நின்றபடி, "இஞ்சேர், வளர்ந்த பொடியனை உப்பிடிப் போட்டு நெரிக்காதை" என்றார். "நீங்கள் சும்மா இருங்கோ" என்று அவரை அடக்கிவிட்டேன். உன் வலக்கையை எடுத்து என் உச்சந்தலையில் வைத்து, "இனி உந்தக் கல்லில ஏறமாட்டன் எண்டு சொல்லு, என்ர தலையில அடிச்சுச் சொல்லு" என்றேன். உனக்கு இருபத்திரண்டு வயது. இந்த நாட்டில் வளர்ந்தவன், யூனிவர்சிற்றியில் படிக்கிறவன், இதென்ன விசர்க்கதை என்று கையை உதறிவிட்டுப் போயிருக்கலாம். நீ உதறவில்லை. நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னாய். உன் கை பாரமாகவே இல்லை. அன்று நான் ஆறுதலாக நித்திரை கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

நீ ஏறுவதை விட்டுவிட்டுக் கமராவைத் தூக்கினாய். ஏறமாட்டேன் என்றுதானே சத்தியம், பார்க்கமாட்டேன் என்று இல்லையே. அதே பாறைக்குப் போய்க் கீழே நின்று மற்றவர்களை எடுத்தாய். அந்தப் பதினேழு நிமிடப் படத்தை உன் யூனிவர்சிற்றியில் போட்டபோது நானும் வந்திருந்தேன். அதில் ஏறுகிறவன் கடைசி வரைக்கும் தெரியவே இல்லை. அவனுடைய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் நிற்கிற ஒரு பெண் பிள்ளையைத்தான் காட்டினாய். கயிறு மேலே போகிறது, நிற்கிறது, மறுபடி போகிறது. நின்றால் அவளுடைய தோள் இறுகுகிறது. பாறையின் நிழல் நகர்ந்து வந்து அவளை மூடுகிறது, குளிர்கிறது, ஒரு கையைக் கயிற்றில் இருந்து எடுக்காமலே மற்றக் கையால் ஜக்கெற் சிப்பை இழுக்கிறாள், மூக்கு ஒழுகுகிறது, துடைக்கவில்லை. ஆபத்து, இடம், ஆள் மூன்றும் அந்த ஒரு முகத்தில் இருந்தன. எத்தனையோ பெட்டிப் படம் பார்த்தவள் சொல்கிறேன், நாம் பார்த்த எதிலும் அது இல்லை. உன் பேராசிரியர் எழும்பி, ஆபத்தைத் திரைக்கு வெளியே வைப்பது என்று இந்த இளைஞன் துணிந்து முடிவெடுத்திருக்கிறான் என்று புகழ்ந்தார். நீ என்னைப் பார்த்தாய், உடனே குனிந்து சப்பாத்து நாடாவைப் பார்த்தாய். அந்த முடிவை எடுத்தது நீ அல்ல என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு நல்ல படம் வந்ததுதானே என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது பொய்ச் சமாதானம். உன் படத்திலேயே எனக்கு விடை இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. கயிறு பிடிக்கிறவளின் வேலை இறுக்கிப் பிடிப்பது என்று நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை உன் படத்தின் கொப்பியைத் தேடி எடுத்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பதினேழு நிமிடமும் கயிற்றை விட்டுக்கொண்டேதான் நிற்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக, அவன் கேட்கக் கேட்க விடுகிறாள். இரண்டே தரம்தான் இறுக்குகிறாள், இரண்டு தரமும் அவன் நழுவியபோது. நானோ ஒரு தரம் இறுக்கிவிட்டு, கயிற்றைக் கொண்டுபோய் மரத்தில் கட்டிவிட்டு, சமைக்கப் போய்விட்டேன்.

உன்னை இதில் இருந்து எப்படி வெளியே எடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். முதலில் ஒரு கள்ள வழி தெரிந்தது. நான் உன்னிடம் சொல்லச் சொன்னது "உந்தக் கல்லில" என்றுதான், "எந்தக் கல்லிலயும்" என்று இல்லை. உந்தக் கல் என்றால் மில்ற்றன் கல். மேற்கே இருக்கிற மலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு நல்ல அப்புக்காத்து இதை வைத்தே வழக்கை வென்றிருப்பான். இதை உனக்கு எழுதி, நீ சத்தியத்தை மீறவே இல்லை, போய் வா என்று முடித்துவிடலாம், என் மரியாதையும் தப்பும் என்று பேனையை எடுத்தேன். எடுத்தபிறகு, மூன்று வருடம் நேர்மையாக இருந்த ஒருவனுக்குக் காட்டுகிற வழியா இது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆகவே, உனக்கும் அப்பாவுக்கும் நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினெட்டு வயதில், யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வகுப்பைக் கட்டடித்துவிட்டுப் படம் பார்க்கப் போய் அகப்பட்டுக்கொண்டேன். என் அம்மா இதே மாதிரித்தான் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார். இனித் தியேட்டர் வாசல் மிதிக்கமாட்டேன் என்று அழுது அழுது சத்தியம் பண்ணினேன். பதினோராம் நாள் புதுப்படம் வந்தது, போய்விட்டேன். இடைவேளை வரைக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகு படமே தெரியவில்லை, வீட்டில் அம்மா விழுந்து கிடப்பது மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது. உருட்டிக்கொண்டு ஓடினேன். படலையைத் திறந்தால் அம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "ஏன் இவ்வளவு நேரம்? போய்ப் புளியைக் கரை" என்றார். அதற்குப் பிறகு நான் எத்தனை படம் பார்த்தேன் என்று கணக்கில்லை. அம்மா எண்பத்தொரு வயது வரைக்கும் இருந்து, நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஒரு தலையிடிகூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் என்ன சொல்கிறேன் என்று விளங்குகிறதா? அந்தச் சத்தியம் ஒருவரையும் கொல்லாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உன் கையை எடுத்து என் தலையில் வைத்தேன். என்னைக் கட்டாதது உன்னைக் கட்டும் என்பதும் எனக்குத் தெரியும். நீ என்னைவிட நல்ல பிள்ளை. அம்மாவின் உயிரை வைத்துப் பதினோரு நாளில் சூதாடியவள் நான், மூன்று வருடத்தில் ஒருநாள்கூட ஆடாதவன் நீ. உன்னுடைய அந்த நல்ல குணத்தைத்தான் நான் பிடித்துக் கயிறாக்கிக் கட்டினேன். விழுந்ததை மறைத்தாய் என்று உன்னைப் பொய்யன் என்றேன், அந்தக் குசினியில் பெரிய பொய் என்னுடையது. மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். ஒரு தாய் பிள்ளையிடம் இப்படிக் கேட்கலாமா என்று யாராவது சொன்னால், அவர்கள் தங்கள் பாட்டைப் பார்க்கட்டும்.

இனிக் கொஞ்சம் புத்திமதி, கேட்டுக்கொள். நீ மலைக்குப் போவதாக இருந்தால், விழுகிறவனை ஒரு தரத்துக்குமேல் விழுத்தாதே. அவன் கத்தினால் அந்தச் சத்தத்தை எடுக்காதே, கீழே எங்கோ ஒரு கதிரையில் அதைக் கேட்க வேண்டியவர்கள் இருப்பார்கள். உச்சியைக் காட்டுவதற்கு முன்னம் தேத்தண்ணியைக் காட்டு. மூன்று வருடம் கீழே நின்று பார்த்த கண்ணை மேலே போனவுடன் எறிந்துவிடாதே, மேலே இருப்பவர்களுக்கு அது இல்லை. இன்னொரு தரம் எடுப்போம் என்று எவராவது கேட்கும்போது உன் உள்மனம் வேண்டாம் என்று சொன்னால், அதற்குக் காதுகொடு. எந்தப் படத்துக்கும் ஒரு கால்விரல்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. கம்பளிக் காலுறை வாங்கி வைத்திருக்கிறேன், நீ வாங்குவது எல்லாம் மெல்லிசு.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ போனால் அந்தப் பெண் சொன்ன மூன்று கிழமையும் நான் சோற்றைப் பிசைந்துகொண்டு ரெலிபோனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அந்த வேலையை எனக்குச் செய்யத் தெரியும், அதை உன்னிடம் ஒப்படைக்கத் தேவையில்லை. நேற்று அந்தப் பெண்ணுக்குத் திரும்ப ரெலிபோன் எடுத்தேன். உன்னை அனுப்புகிறேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன், உனக்காக நான் ஒரு தரம் பேசியதே போதும். என் தலைக்கு ஒன்றுமில்லை, ஒருபோதும் ஒன்றும் இருந்ததில்லை என்று மட்டும் சொன்னேன். நல்ல வைத்தியர்களா என்று கேட்டாள். இல்லை, நல்ல மகன் என்றேன். வெள்ளிக்கிழமை அவள் உன்னைக் கூப்பிடுவாள். பயமாக இருக்கிறது என்று மறுக்கலாம், பிடிக்கவில்லை என்று மறுக்கலாம், போகிறேன் என்றும் சொல்லலாம். என்னைச் சாட்டாகச் சொல்ல மட்டும் உனக்கு இனி வழியில்லை.

மூன்று வருடமாக உன் வலக்கை என் தலையிலேயே இருக்கிறது. அதை எடு, ராசா. நீ எங்கே போனாலும் உனக்கு இரண்டு கையும் வேண்டும்.

அம்மா